ஐயம்பெருமாள் பட்டியல்

புறாக்களிடமிருந்து ஜெயசிங் அண்ணாச்சியை விடுவித்தது வடிவுதான்.

அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நெட் கடை வைத்திருந்தார். ஆளாளுக்குச் செல்போன் வந்த பிறகு அங்கே ஜெராக்ஸ் எடுக்கவும் ஆதார் பிரிண்ட் போடவும்தான் ஆள் வந்தது. ஆனாலும் மூலையில் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரை அவர் தினமும் துடைத்து, பூப்போட்ட துணியால் மூடி வைத்தார். இளவட்டமாக இருந்த காலத்தில் அதன் வழியாகத்தான் புறா வளர்ப்பவர்களின் மின்னஞ்சல் பட்டியல் ஒன்றில் சேர்ந்திருந்தார். பட்டியல் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. அதில் சேர்ந்தவர்களில் ஒருவர் எழுதினால் மற்ற எல்லாருக்கும் போகும், அவ்வளவுதான். ஆளைச் சேர்ப்பதும் கழிப்பதும் மனுஷர் இல்லை, தானாகப் பதில் போடுகிற ஒரு மிசின். அண்ணாச்சியின் புறாக்களைப் பூனை தின்று வெகுகாலம் ஆகியும் கடிதங்கள் நிற்கவில்லை. விலகுவதற்காக வருஷா வருஷம் அவர் விண்ணப்பம் எழுதினார்: மதிப்பிற்குரிய ஐயா, தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாயிருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன், என் புறாக்கள் உயிரோடு இல்லாதபடியால் என்னை விடுவிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதை மிசினின் விலாசத்துக்கு அனுப்பாமல் பட்டியலின் விலாசத்துக்கு அனுப்பிவிடுவார். உலகத்தில் எங்கெங்கோ இருந்த புறாக்காரர்கள் எல்லாரும் அதைப் படித்துவிட்டு ஆறுதல் எழுதுவார்கள். ஆறுதலே பெட்டியை நிரப்பிவிடும்.

வடிவு அன்றைக்கு டி.சி.யை ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்தாள். பிளஸ் ஒன்னோடு போதும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து வாங்கிக்கொண்டு வந்த டி.சி. அண்ணாச்சி புது விண்ணப்பம் அடிப்பதை அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"அண்ணாச்சி, இதப் படிக்கது மனுஷனா மிசினா?"

"மிசின்தான்."

"பெறவு எதுக்கு அதோட குடும்பத்த விசாரிக்கிய?"

"ஒரு மரியாதைக்குத்தான்ட்டி."

"தள்ளுங்க."

மிசினின் விலாசத்தைப் போட்டு, 'விலகு புறா' என்று மட்டும் அடித்தாள். ஏட்டி, ஒரு தயவுசெய்தாவது போடுட்டி என்று அண்ணாச்சி சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது: விலகியாயிற்று. பெட்டி அமைதியானது. அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு ஜெராக்ஸுக்குக் காசு வாங்காமல் எடுத்துக் கொடுத்தார்.

மிசின் கீழே இன்னொரு வரியும் போட்டிருந்தது. வேறு பட்டியலில் சேர வேண்டுமானால், சேர் என்று எழுதி அதன் பெயரையும் எழுதவும். வடிவுக்குப் புறாவும் பிடிக்காது, வேறு எதுவும் பிடிக்காது. டி.சி.யில் தகப்பனார் பெயர் என்ற இடத்தில் என்ன இருந்ததோ அதை அடித்தாள்: சேர் ஐயம்பெருமாள். நிச்சயமா என்று மிசின் கேட்டது. சரி என்றாள்.

கடையை விட்டு இறங்கி, மீன்காரி கூடையைத் தாண்டுவதற்குள் அவளுடைய வலது காதுக்குள் அப்பா பேசினார்.

"ஏல, எண்ணெய் காஞ்சிட்டு பாரு. அடுத்த ஈடு பிழி."

ஐயம்பெருமாள் நாக்பூரில் ஒரு முறுக்குக் கம்பெனியில் இருந்தார். முதலில் பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் வந்தார், பிறகு கொடைக்கு மட்டும் வந்தார், பிறகு கொடைக்கும் வரவில்லை. மாதம் ஒரு தடவை போன் பண்ணி, சாப்டியளா, சரி, வைக்கேன் என்பார். இப்போது அவர் விடிந்ததிலிருந்து அடையும்வரை பேசினார், மாவு தளர்ந்துவிட்டது என்றார், ஓமம் எங்கே என்றார், லாரிக்காரன் வந்துவிட்டானா என்றார், மற்றவர்கள் சொல்வது கேட்கவில்லை, அவர் சொல்வது மட்டும் கேட்டது. வடிவு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள். அம்மா சண்முகத்தாய் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டுவிட்டு, "என்னையும் சேத்துவிடு" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அந்த ஊரில் ஆம்பளைகள் பாதிப்பேர் வெளியே இருந்தார்கள், ஒருத்தன் பஹ்ரைனில், ஒருத்தன் திருப்பூரில், ஒருத்தன் கொல்லத்தில் பரோட்டாக் கல்லுக்கு முன்னால். பெண்கள் எல்லாரும் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றினார்கள், பீடி சுற்றுகிறவளுக்குக் கைக்குத்தான் வேலை, காது சும்மாதான் கிடக்கும், அந்தச் சும்மா கிடந்த காதுகளுக்குள் ஒரு வாரத்தில் பஹ்ரைன் வந்து உட்கார்ந்தது, திருப்பூர் வந்து உட்கார்ந்தது, குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு இன்னைக்கு ஃபோர்மேன் எம்புட்டு ஏச்சு ஏசிட்டான் தெரியுமா என்று ஒருத்தி சொல்ல, உங்க ஃபோர்மேனாவது பரவால்ல மைனி, எங்க முதலாளி சோத்துல கைவைக்கும்போதுதான் கூப்பிடுதான் என்று இன்னொருத்தி சொல்ல, யாருடைய புருஷனுக்குப் பல்வலி, யாருடைய புருஷன் குளிக்கும்போது பாடுகிறான் என்பதெல்லாம் தண்ணீர் வருகிற நேரம் மாதிரி எல்லாருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது.

பெயர் சொல்வதுதான் சிக்கலாக இருந்தது. அந்த ஊரில் கட்டினவன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லமாட்டாள். பாலையா பெண்டாட்டி கடையில் போய் வெள்ளை அரை லிட்டர் என்றுதான் கேட்பாள். தங்கராசு பெண்டாட்டிக்குத் தங்கம் என்பது மஞ்சச் சாமான். மிசினுக்கோ பெயர் வேண்டும், மொட்டையாக வேண்டும், அவுக, இவுக, எங்க வீட்டுல உள்ளவுக என்றால் அதற்கு விளங்காது. அதனால் எல்லாரும் வடிவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வடிவுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. வாத்தியார் பெயரையே மொட்டையாகச் சொல்லி வெளியே நின்றவள். நெட் கடையில் கரண்ட் போன ஒரு நாளில் கம்ப்யூட்டர் இருண்டு கிடக்க, பழக்கதோஷத்தில் அவள் வாயால் 'சேர் பாலையா' என்றாள், பக்கத்தில் பில் அடிக்கிற சின்ன பிரிண்டர் கரண்ட் இல்லாமலே ஒரு சீட்டைத் துப்பியது: சேர்ந்தாயிற்று. அதற்குப் பிறகு யாரும் அடிக்கவில்லை. மிசின் முன்னால் நின்று சொன்னார்கள்.

பழகப் பழகச் சட்டங்கள் தெரிந்தன. யாரையும் யாரும் சேர்த்துவிடலாம், ஆனால் விலகுகிறவர் தன் வாயால்தான் விலக வேண்டும். ரேஷன் கார்டுக்கு நேர் எதிர் என்று ஊரில் சொன்னார்கள். மிசினுக்குச் சொல்ல வேண்டியதை மிசின் முன்னால் நின்று சொல்ல வேண்டும். பட்டியலில் சேர்ந்தவர் வேறு எங்கே நின்று ஒருத்தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அது அவனுக்கே போகும், அவன் பட்டியலில் இருக்கிற எல்லாருக்கும் போகும். இது முருகேசனுடைய அம்மாவால் தெரியவந்தது. அவள் ஆட்டைத் தேடப் போன இடத்தில் மகன் நினைப்பு வந்து, ஏ முருகேசா, எங்கலே இருக்க என்று கேட்க, துபாயில் சாரத்தின் மேல் நின்ற முருகேசன், இங்கதாம்மா என்று சொல்லி, கையில் இருந்த வாளியைக் கீழே போட்டான். ஆனால் பெற்றவர்கள்தான் பெயர் சொல்வார்கள். பெண்டாட்டிகள் சொல்லமாட்டார்கள். ஆகவே அத்தனை பட்டியல்களிலும் பெண்கள் சேர்ந்திருந்தும் ஒரு பட்டியலிலும் பேச்சுவார்த்தை நடக்கவில்லை.

கோயில் கமிட்டித் தலைவர் சிவனணைந்தான் ஒரு கூட்டம் போட்டார். ஊர் ஆம்பளைகள் பேசுவது கண்ட காதிலும் விழுவது சரியில்லை, முதலில் தன் காதுக்கு வந்து, தான் சரி என்ற பிறகுதான் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். மிசின் அதற்கும் வழி வைத்திருந்தது. வடிவு அவரை அப்படியே போட்டுவிட்டாள். ஒரே நாள்தான். அத்தனை பேருடைய பேச்சும் ஒரே மண்டைக்குள் வந்து நிற்க, ஒவ்வொன்றுக்கும் சரி, சரி, சரி என்று சொல்லிக்கொண்டே தெருவில் போனவர், வட்டிக்காரன் கேட்டதற்கும் சரி என்றார், சம்பந்தம் பேச வந்தவர்களுக்கும் சரி என்றார். சாயங்காலம் அவர் பெண்டாட்டி வந்து, "ஏட்டி வடிவு, அந்த மனுஷன கழட்டிவிடு, புண்ணியமாப் போவும்" என்றாள்.

"அவரே வந்து சொல்லணும் பெரியம்மை. நான் சொன்னா எடுக்காது."

அவர் வந்தார், சொன்னார், போனார். பிறகு கமிட்டி கூடவில்லை.

வேலைக்கு இடைஞ்சல் என்று நினைத்தவர்கள் தொகுப்பாக வாங்கிக்கொண்டார்கள். நாள் முழுக்கப் பேசினது எல்லாம் ஒரே மூட்டையாகப் பொழுது சாயும்போது வரும். அந்த நேரத்தில் ஊர் அப்படியே நிற்கும். பால் தூக்கு பிடித்தவள் தூக்கோடு நிற்பாள், கோலமாவு பிடித்தவள் குனிந்தபடி நிற்பாள், டவுன் பஸ் டிரைவர் முதலில் ஆரன் அடித்துப் பார்த்தார், பிறகு இஞ்சினை அணைத்துவிட்டு டீ குடித்துவரப் பழகிக்கொண்டார்.

வடிவு மூன்றாம் நாளே விலகிவிட்டாள். அப்பா ஒன்றும் பேசவில்லை. முறுக்குதான் பேசினார்.

சண்முகத்தாய் விலகவில்லை, தொகுப்பும் கேட்கவில்லை. அவர் வாயைத் திறக்கிற நிமிஷத்திலேயே அவளுக்கு வேண்டும். அவர் பேசும்போது அவள் கை நிற்கும். அவர் பேசாதபோது எப்போது பேசுவாரோ என்று கை நிற்கும். சோறு குழைந்தது. வடிவு எதிரே நின்று யம்மா என்றால் சுவரைத் தாண்டி யாரையோ பார்ப்பது மாதிரி பார்த்தாள். பீடிகள் வயிறு வீங்கியும் வால் சூம்பியும் வந்தன. பீடிக்கடைச் செக்கர் சங்கரபாண்டி எடுத்துப் பார்த்து, நசுக்கி, கழிவு என்று ஓரத்தில் தள்ளினான். தள்ளித் தள்ளி ஒரு நாள் சொல்லிவிட்டான்: "அடுத்த வாரமும் இப்படின்னா கார்ட வேற ஆளுக்கு மாத்திருவேன் மைனி. என்னைக் கோவிக்கப்பிடாது." கார்டு இருந்தால்தான் கடையில் இலையும் தூளும் கொடுத்துப் பீடி வாங்குவார்கள், போனால் வேறு கடையில் உடனே கிடைக்காது. வீட்டில் அந்தக் கார்டுதான் சோறு.

"யம்மா, வா. விலகிட்டு வந்துருவோம்."

"வாரேன், வாரேன்."

"எப்ப வாரே? கார்டு போன பெறவா?"

"அவுக பேர நான் எப்படிட்டி சொல்ல?"

"வாயத் தொறந்து சொல்லணும். ஐயம்பெருமாள்னு. நான் சொல்லலியா? வாயி வெந்தா போச்சு?"

சண்முகத்தாய் பதறிப்போய் மகள் வாயைப் பொத்தினாள். பொத்தின கையில் புகையிலைத் தூள். வடிவு தும்மினாள். தும்மி முடித்ததும் நேராகவே கேட்டாள்.

"பேருதான் காரணம்னு பொய் சொல்லாத. அவரு நம்மளப் பத்தி ஒரு வார்த்த பேசுவாருன்னு இருக்கே. இல்லியா?"

அம்மா சுளகைத் தட்டினாள்.

"இத்தன நாளா பேசுனாராம்மா? உன் பேரு ஒரு தடவ வந்துச்சா? என் பேரு வந்துச்சா?"

"வரும்."

"வரல்லன்னா?"

"வரும்ட்டி," என்றாள் அம்மா. "நான் விலகிட்டு வாரேன்னு வையி. வந்த பெறவு பேசிட்டாகன்னா? அந்த நேரம் பாத்து நான் இல்லாமப் போயிட்டேன்னா?"

வடிவுக்குக் கோபம்தான் வந்தது.

அடுத்த வாரம் பீடி கொடுக்கிற நாள் வந்தது. மத்தியானம் கடை முன்னால் வரிசை. பெண்கள் சுளகைத் தலையில் கவிழ்த்து வெயிலை மறைத்துக்கொண்டு நின்றார்கள். அம்மாவின் முறை வந்ததும் சங்கரபாண்டி ஒரு கட்டை அவிழ்த்தான், ஒரு பீடியை எடுத்து உருட்டினான், நசுக்கினான், அடுத்ததை எடுத்தான். வடிவு அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்ததால் அம்மாவின் முகம் மாறினதை முதலில் கவனிக்கவில்லை. வரிசையில் பின்னால் நின்ற பாக்கியம் சித்திதான், "ஏ சம்முவம், என்னளா செய்யி? மயக்கம் வருதா?" என்றாள்.

அம்மா வலது காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"யம்மா, என்ன சொன்னாரு?"

"புதுசா ஒரு பையன் வேலைக்கு வந்திருக்கான் போல. ஊர்ல யாரு இருக்கான்னு கேட்டிருப்பான்." அம்மா நிதானமாகத்தான் சொன்னாள். "ஒருத்தரும் இல்லப்பான்னு சொல்லுதாக."

சங்கரபாண்டி இன்னொரு பீடியை நசுக்கினான்.

அப்போது சண்முகத்தாய், கடை முன்னால், வெயிலில், அத்தனை பெண்கள் கேட்க, கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்லாத பெயரைச் சொன்னாள்.

"ஏ ஐயம்பெருமாளு!"

வரிசையில் சுளகுகள் இறங்கின. யாரோ ஒருத்தி, எம்மாடி என்றாள்.

"ஒருத்தரும் இல்லியா? அப்ப நான் யாரு? இந்தா நிக்காளே ஒரு பிள்ள, அவ யாரு? நான் செத்தா போனேன்? உயிரோடதான் நிக்கேன், பீடிக்கடையில நிக்கேன், இந்தச் சங்கரபாண்டி என் பீடிய ஒவ்வொண்ணா நசுக்கிட்டு நிக்கான். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நீ ஓமத்துக்கு ஏசினதையும் கேட்டேன், லாரிக்காரன்ட்ட பல்ல இளிச்சதையும் கேட்டேன். உங்கூட முறுக்குப் பிழியுத பயலுக்குக் காய்ச்சல் வந்தப்ப பக்கத்துல இருந்து ராசா கத, மந்திரி கதன்னு சொன்னியே, அதையும் கேட்டேன். எனக்கு ஒரு கத சொல்லிருக்கியா நீ? எனக்குக் காய்ச்சலே வந்ததில்லியா?"

அவள் நிறுத்தினாள். பட்டியலில் அவள் ஒருத்திதான் இருந்தாள், ஆகவே அங்கிருந்து வருவது அவளுக்கு மட்டும்தான் கேட்கும். கடை மொத்தமும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு டவுன் பஸ் வந்து, ஆள் இறக்கி, போனது. சங்கரபாண்டி கையில் இருந்த பீடியைத் திரும்பக் கட்டுக்குள் செருகினான்.

"என்ன சொல்லுதாரும்மா?" என்றாள் வடிவு.

"ஒண்ணும் சொல்லல." கொஞ்சம் கழித்து, "ஈடு கருகிட்டாம். யாரோ சொல்லிருப்பான். கருகினா கருகட்டும்னு சொன்னாக. பெறவு ஒண்ணும் சொல்லல."

"அழுதாரா?"

"பேச்சுதான வரும். அழுதா எப்படித் தெரியும்?"

சங்கரபாண்டி மிச்சக் கட்டுகளை அவிழ்க்காமல் உள்ளே எடுத்து வைத்தான், கார்டில் வரவு போட்டான், மைனி, அடுத்த வாரம் பாத்துச் சுத்துங்க என்றான். சத்தம் பாதியாகத்தான் வந்தது.

அங்கிருந்து அம்மா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். வடிவு பின்னால் ஓடினாள். நெட் கடையில் அண்ணாச்சி எழுந்து நின்றார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் இருண்ட கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்று, "விலகு ஐயம்பெருமாள்" என்றாள். பிரிண்டர் சீட்டைத் துப்பியது. படியிறங்கும்போது அவள் திகைத்து நின்றாள். ஆட்டோவும் கரும்புச்சாறு மிசினும் பூக்காரியும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தன.

"இங்க இவ்வளவு சத்தமா இருக்கு?"

"எப்பவும் இருக்கதுதான்," என்றாள் வடிவு.

அதற்குப் பிறகு அம்மாவின் பீடி நேராக வந்தது. பேச்சும் வந்தது. இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு கேட்டதற்கெல்லாம் சேர்த்துப் பேசினாள், சுளகிடம் பேசினாள், அடுப்பிடம் பேசினாள், வடிவு பாத்திரம் கழுவின லட்சணத்தைப் பற்றி பாத்திரத்திடமே பேசினாள். வடிவு பொறுத்துக்கொண்டாள்.

ஒரு நாள் அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். பிரிண்டரில் பேப்பர் மாற்றும்போது உள்ளே சுருண்டு கிடந்த ஒரு சீட்டு.

"அன்னைக்கு உங்கம்மை படியெறங்கிப் போனாள்லா, அதுக்கு அடுத்தாப்புலயே வந்திருக்குட்டி. எனக்கு இது வெளங்கல."

வடிவு படித்தாள். சண்முகத்தாய் பட்டியலில் ஒருவர் சேர்ந்திருக்கிறார். ஐயம்பெருமாள். தன் வாயால்.

இந்த ஊரில் ஒரு பெண்ணின் பட்டியலில் யாரும் சேர்ந்ததில்லை. பெண்கள் எங்கே போய்விட்டார்கள், கூப்பிடு தூரத்தில்தானே இருக்கிறார்கள் என்று அப்படி ஒன்று உண்டு என்பதே யாருக்கும் தோன்றவில்லை. சேர வேண்டுமானால் பெயரைச் சொல்ல வேண்டும். அப்பா ஆயுசுக்கும் ஏளா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். யாரிடம் விசாரித்தாரோ, நாக்பூரில் எந்த மூலையிலோ எந்தக் கம்ப்யூட்டர் முன்னாலேயோ நின்று அவர் சண்முகத்தாய் என்று முழுசாகச் சொல்லியிருக்கிறார். இங்கே அம்மா கரும்புச்சாறு மிசின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். இன்னும் ஒரு நிமிஷம் விலகாமல் இருந்திருந்தால் காதிலேயே விழுந்திருக்கும். இன்னும் ஒரு நிமிஷம் இரு என்று சொல்லக்கூட ஆள் இல்லை, வா வா என்று இழுத்த ஆள்தான் இருந்தாள்.

வடிவு வீட்டுக்குப் போனாள். சொல்லாமல் விடலாமா என்று தெருமுனை வரைக்கும் யோசித்தாள். அவளுக்கு அது முடியாது. உள்ளே போனதும் சொல்லிவிட்டாள்.

அம்மா இலை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரி நின்றது.

"என் பேரயா?"

"ஆமா. முழுசா."

"எப்ப?"

"நீ விலகிட்டு எறங்கின உடனே."

அம்மா கத்தரியைப் பார்த்தாள். வெட்டின இலையை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள், அடுக்கினதைக் கலைத்தாள், மறுபடி அடுக்கினாள்.

"அப்பம் இத்தன நாளா நான் பேசினது பூரா?"

"பூராவும் கேட்டிருப்பாரு. நீ அடுப்பு கூட பேசினது வரைக்கும்."

"இப்பவும் அவுகளுக்குக் கேக்குமா?"

"நீ பேசினா கேக்கும்."

வடிவு எதிரே உட்கார்ந்தாள். "உன்னைய திரும்ப சேத்துவிடட்டுமாம்மா? இப்பவே போயிட்டு வந்துருவேன்."

"வேண்டாம்," என்றாள் சண்முகத்தாய். ஒரு இலையை எடுத்து, தூளை வைத்து, சுருட்டி, வாலை மடக்கி, நூல் சுற்றினாள். "கேக்கட்டும்."

பிறகு, யாரைப் பார்த்தும் இல்லாமல், வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாக ஆரம்பித்தாள்:

"இந்த வாரம் குடுத்திருக்கானே, இதெல்லாம் ஒரு இலையா, தொட்டாலே ஒடியுது, நேத்து பூரா தண்ணி தெளிச்சு ஈரத்துணியில சுத்தி வச்சேன், அப்பவும் இந்த லட்சணம், குழாய்ல தண்ணி வந்தாத்தான தெளிக்க, இவ ஒருத்தி பள்ளிக்கூடத்த விட்டுட்டு வந்து எதிர்ல குத்தவச்சிருக்கா, கேட்டா வாயிக்கு வாயி பேசுதா, யாரு மாதிரின்னு தெரியல, பின்வாசக் கதவு கீல் போயி மூணு மழைக்காலம் ஆச்சு, கல்ல முட்டுக்குடுத்து வச்சிருக்கு..."

வடிவு இன்னொரு கத்தரியை எடுத்துக்கொண்டு இலை வெட்டினாள். விளக்கு வைக்கும்வரை அம்மா நிறுத்தவில்லை.